இருட்டு நவநீதனும் எரியாத வரியும்

திருச்சியில் பந்தல் லைட் போடுகிறவர்களிடம் போய் நவநீதன் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். 'இருட்டு நவநீதன்' என்று கேட்டால் உடனே கைகாட்டிவிடுவார்கள். வாலிபம் முழுக்க ஊருக்கு வெளிச்சம் போட்டே தலை நரைத்த மனுஷனுக்கு இப்படி ஒரு பட்டப்பெயர். கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேருக்கு அது எப்படி வந்தது என்றே தெரியாது. அவருக்கு மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்காக வீதி முகப்பில் சீரியல் செட் வளைவு கட்டியிருந்தார்கள். வலது பாதியைக் கட்டியவர் நவநீதன். ஒரு பல்பு போனால் அந்த வரிசையே போய்விடும் காலம் அது. மாப்பிள்ளையின் கார் நாதஸ்வரத்தோடு வளைவுக்குக் கீழே வந்து நின்ற நேரம் பார்த்து வலது பாதி பொசுக்கென்று அணைந்தது. பெண்ணுக்கு அத்தை முறையாக வேண்டிய ஓர் அம்மாள், "சுபகார்யத்துல இப்படி இருட்டடிச்சுட்டானே பாவி!" என்று அலறினாள். முதலாளி அத்தனை பட்டுப்புடவைகளுக்கும் முன்னால் நவநீதனின் கன்னத்தில் ஒன்று வைத்தார். அடி அன்றைக்கே ஆறிவிட்டது. பெயர் ஒட்டிக்கொண்டது.

அதற்கப்புறம் அவர் கட்டிய பந்தலில் இருட்டு என்ற பேச்சே எழுந்ததில்லை, அவரைக் கூப்பிடும்போது தவிர. சட்டைப்பையில் டெஸ்டர், இன்சுலேஷன் டேப், நாலு பல்பு இல்லாமல் வாசல்படி தாண்டமாட்டார். எரியாத விளக்கு ஒன்று கண்ணில் பட்டால் சாப்பாட்டில் பல்லியைப் பார்த்ததுபோல ஆகிவிடுவார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் ட்யூப் லைட் மினுக்குகிறது என்று ஸ்டூல் கேட்ட கதையை அவர் மனைவி யமுனா அவர்கள் குடியிருக்கும் காட்டூரில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். "உங்களுக்கு வெளிச்சத்து மேல ஆசை இல்லைங்க. இருட்டு மேல பயம்" என்பாள். அவள் சொல்வது சரிதான் என்று அவருக்குத் தெரியும்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. வைகுண்ட ஏகாதசி வேலைகளும் முடிந்து கை சும்மா இருந்த நேரத்தில், தில்லை நகரில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் அஃபீஃபா கூப்பிட்டனுப்பினார். அந்தக் கிளினிக்குக்கு வயரிங் செய்ததே நவநீதன்தான். போனால், அங்கே காத்திருக்கும் அறையில் ஒரு பெண் துணியால் செய்த யானைத்தலை ஒன்றைச் சுவரில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் மாதுரி. ஸ்ரீரங்கம் உத்தர வீதிப் பெண். ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்பு, ஐந்தாவது வருஷம்.

"மேடம்" என்று ஆரம்பித்தார் நவநீதன்.

"மேடமெல்லாம் வேணாம் அண்ணா. மாதுரின்னே சொல்லுங்க" என்றாள்.

பெயர் சொல்ல வாய் வரவில்லை. "அம்மா" என்பதில் வந்து நின்றார்.

யானையின் தும்பிக்கைதான் விஷயம். அதன் துணிக்குள் நெடுக நெடுக இழைகளை வரிவரியாகத் தைத்திருந்தாள். அதோடு இணைத்திருந்த ஒரு சின்னப் பெட்டியின் ஸ்விட்சைப் போட்டதும் இழைகள் பச்சையும் நீலமுமாக ஒளிவிட்டன. பல்பு கிடையாது, நூலே எரிந்தது. நூலின் நடுவில் காந்தத்துக்கு இழுபடும் உலோகம் இருந்தது. யானைத்தலைக்குப் பின்னால் வைத்திருந்த காந்தம் சுழன்றால் தும்பிக்கை சுருண்டு வந்து எதிரே நீட்டிய கையைப் பிடித்துக்கொள்ளும். கை விரல் மடங்காத குழந்தைகள் அதைப் பிடித்து இழுத்துப் பயிற்சி செய்யலாம் என்பது டாக்டரின் ஆசை. மாதுரியின் ஆசை வேறு.

கத்தரிக்கோலை எடுத்தாள். எரிந்துகொண்டிருந்த நூல் ஒன்றைக் கையில் பிடித்து நறுக்கென்று வெட்டினாள்.

"ஐயையோ!" என்று நவநீதன் கையை நீட்டிவிட்டார்.

அவள் சிரித்தாள். வெட்டின இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடும்படி வைத்து, சீக்கிரம் ஒட்டுவதற்காகக் கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று காட்டினாள். பேசிக்கொண்டிருக்கும்போதே நூல் ஒட்டிக்கொண்டு, மறுபடி நெடுக எரிந்தது. நவநீதன் விரலால் தடவிப் பார்த்தார். முடிச்சு இல்லை, டேப் இல்லை. வயரைப் பல்லால் கடித்து உரித்து முறுக்கியே முன்பல் தேய்ந்த மனுஷன் அவர்.

"அப்ப எங்க பொழப்புக்கு வேட்டுன்னு சொல்லுங்க" என்றார்.

"லேப்ல ஒட்டுது அண்ணா. குழந்தைங்க இழுக்குற இடத்துல, ஒரு நாளைக்கு நூறு தடவை வளையுற இடத்துல ஒட்டுமா? அது தெரியத்தான் இங்க மாட்டறேன். நீங்க காலையில ஸ்விட்ச் போடணும், சாயங்காலம் அணைக்கணும். எது அணைஞ்சாலும் கை வைக்கக் கூடாது. தானா வந்தா வரட்டும்."

"தானா வரலைன்னா?"

"வரலைன்னா அப்படியே விட்டுடுங்க. நான் வாராவாரம் வந்து பார்ப்பேன்."

நவநீதன் தலையை ஆட்டினார். ஆட்டினது மனசாரத்தான். எரியாத ஒன்றை அப்படியே விடுவது என்றால் என்ன என்று அவர் அதுவரை செய்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

முதலில் எல்லாம் அழகாக நடந்தது. குழந்தைகள் தும்பிக்கையைப் பிடித்துத் தொங்கினார்கள், கடித்தார்கள், பேனாவால் குத்தினார்கள். அங்கங்கே ஒரு வரி அணையும், மறுநாள் காலையில் ஸ்விட்ச் போட்டால் சமத்தாக எரியும். நவநீதனுக்கு அந்த யானைமேல் மரியாதையே வந்துவிட்டது. ஆனால் தும்பிக்கையின் நடு வளைவில், உள்பக்கமாக ஓடிய ஒரு வரி மட்டும் ஒரு நாள் அணைந்தது. மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. பளபளவென்ற தும்பிக்கையில் பல் விழுந்த வாய் மாதிரி ஒரு கோடு கறுப்பாகத் தெரிந்தது.

காத்திருந்த அம்மா ஒருத்தி, "இது என்னங்க, எரியலையே? லைட்டுக்காரர் நீங்கதானே?" என்று கேட்டாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். நவநீதனுக்குக் கன்னம் சுட்டது. அறையில் இருந்த அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதாகப் பட்டது. யானையின் காதுக்குத் தைப்பதற்காக மாதுரி ஒரு சுருள் இழை கொடுத்துவைத்திருந்தாள். எல்லோரும் போனபிறகு, அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி, செத்த வரியை உருவி எடுத்துவிட்டு, புதுசைக் கோத்தார். அப்படி ஒரு கைவேலை. அவருக்கே பழைய வரி எது, புது வரி எது என்று தெரியவில்லை. ஸ்விட்சைப் போட்டார். முழுத் தும்பிக்கையும் எரிந்தது. அப்பாடா என்று இருந்தது. தப்பு செய்கிறோம் என்ற நினைப்பு வரவில்லை. வந்திருந்தாலும் அந்த 'அப்பாடா' அதை மென்று விழுங்கியிருக்கும்.

வாரக் கடைசியில் மாதுரி வந்தாள். அந்த நடு வளைவையே குனிந்து குனிந்து பார்த்தாள். மீட்டரை வைத்தாள். நிமிர்ந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு.

"இந்த இடம்தான் அண்ணா எனக்குப் பயமே. வளைவுல நிக்காதுன்னு எங்க சார் சொல்லிட்டே இருந்தார். பாருங்க, புதுசு மாதிரி எரியுது!"

புதுசுதான் எரிந்தது. நவநீதன் வாயைத் திறந்தார். அவள் அதற்குள் செல்போனில், "சார், வளைவு தாங்குது சார்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் இன்னாசிராஜ். திறந்த வாயை நவநீதன் மூடிக்கொண்டார். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

அடுத்த வாரத்துக்குள் அந்த வரி மறுபடி செத்தது. மறுபடி மாற்றினார். முதல் தடவை வெட்கம் தாங்காமல் மாற்றினார் என்றால், இரண்டாம் தடவை முதல் தடவையை மறைக்க மாற்றினார். அப்புறம் அது பாட்டுக்கு வழக்கமாகிவிட்டது. சுருள் இளைத்தது. காதுக்கு இரட்டை வரிசை தைக்க நூல் போதாமல் போனபோது, "ஒத்தை வரிசைதாம்மா காதுக்கு எடுப்பா இருக்கும்" என்று வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னார். "உங்க கண்ணு சொன்னா சரிதான் அண்ணா" என்றாள் அவள். அன்றைக்கு வீட்டில் யமுனா போட்ட சோற்றைப் பாதியில் தள்ளிவைத்தார். என்ன என்று கேட்டாள். வெயில் என்றார். தை மாதத்தில் என்ன வெயில்?

உருவி எடுத்த செத்த இழைகளை மட்டும் அவர் தூக்கிப் போடவில்லை. துண்டு வயரைக்கூட எறியாத கை அது. ஒரு பேப்பரில் சுற்றிக் கருவிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாசியில் கல்லூரியில் கூட்டம். வெளியூரிலிருந்து வந்த நிபுணர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால் மாதுரியின் ஐந்து வருஷ உழைப்பு கரையேறும், பட்டம் வந்துவிடும். இல்லையென்றால் எல்லாம் முதலிலிருந்து. இதை அவளே சொல்லி, "நீங்க கண்டிப்பா வரணும் அண்ணா. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க" என்று அழைத்தாள். காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தார் நவநீதன். யமுனா விடவில்லை. பட்டுப்புடவை எடுத்துக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றாள். கிளம்பும்போது அவர் ஒரு துண்டு புது இழையையும் அந்தச் செத்த இழைப் பொட்டலத்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கை பழகிவிட்டது.

நம் ஊரில் எந்தக் கூட்டமும் பொன்னாடை இல்லாமல் ஆரம்பிக்காதே! வந்த விருந்தினர்களுக்கெல்லாம் போர்த்தி முடிந்ததும், மாதுரி மைக்கைப் பிடித்து, "இந்தத் தும்பிக்கையை இத்தனை நாள் குழந்தை மாதிரி காவல் காத்தவர் எங்க நவநீதன் அண்ணா" என்று அவரை மேடைக்கு அழைத்தாள். கைதட்டினார்கள். பச்சைக் கரை போட்ட பொன்னாடையை அவளே போர்த்தினாள். யமுனா கீழேயிருந்து செல்போனில் படம் எடுத்தாள். வாழ்நாளில் முதல் பொன்னாடை. அது உடம்பில் விழுந்தபோது நவநீதனுக்கு ஸ்ரீரங்கத்தில் கன்னத்தில் வாங்கிய அந்தப் பழைய அறையே தேவலை என்று இருந்தது. அதை வாங்கியபோது தப்பு அவர்மேல் முழுசாக இல்லை.

முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். மேடையில் தும்பிக்கை சுருண்டது, விரிந்தது. மாதுரி ஒரு வரியை வெட்டிக் காட்டினாள், அது ஒட்டி எரிந்தது. சபை ஆரவாரம் செய்தது. "இதை விட முக்கியம், வளைவு" என்று சொல்லி, தும்பிக்கையை விடாமல் வளையவிட்டாள். வளைந்தது, நிமிர்ந்தது, வளைந்தது. நவநீதன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். நடு வளைவில் அந்த வரி ஒருமுறை நடுங்கி, அணைந்துபோயிற்று.

மாதுரி பதறவே இல்லை. "ஒரு அஞ்சு நிமிஷம் பாருங்க. தானா வந்துடும். கிளினிக்ல பல வாரம் வந்திருக்கு" என்றாள். வெதுவெதுப்பான காற்றைக் காட்டினாள். சபை காத்திருந்தது. அந்த மண்டபத்தில் அது வராது என்று தெரிந்த ஒரே ஆள் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. அங்கே இழை இருந்தது. இங்கே அதை வைத்து என்ன செய்ய?

வரவில்லை. நிபுணர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். மாதுரியின் சிரிப்பு மெல்ல மெல்ல வற்றிக்கொண்டே போனது. இன்னாசிராஜ் எழுந்து, "கிளினிக்ல அந்த லைட்டுக்காரர் எதையாவது நோண்டியிருப்பார்ம்மா. அவங்களுக்குக் கை சும்மா இருக்காது" என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் மாதுரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"சார், அவர் மேல பழி போடாதீங்க. தொடக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன். அவர் தொடவே இல்ல. தப்பு என் இழையிலதான் இருக்கும், இல்ல என் கணக்குல இருக்கும். அவரை விட்டுடுங்க."

நவநீதன் எழுந்து நின்றார். யமுனா முந்தானையைப் பிடித்தபடி அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"தொட்டேன்ம்மா" என்றார்.

மாதுரிக்குப் புரியவில்லை. "என்ன அண்ணா?"

"அந்த வரி தானா வரலைம்மா. ஒரு தடவை கூட வரலை. செத்துச் செத்துப் போச்சு. நான்தான் காதுக்குக் குடுத்த சுருள்லேர்ந்து வெட்டி மாத்தி மாத்திப் போட்டேன். எரியலையேன்னு ஒருத்தங்க கேட்டாங்க. எனக்குப் பொறுக்கலை."

மாதுரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டினால் நன்றாக இருக்குமே என்று நினைத்தார். அவள் மைக்கின் பக்கம் திரும்பி, நிபுணர்களைப் பார்த்து, "வளைவு பத்தி நான் இதுவரைக்கும் சொன்னது எதையும் எடுத்துக்காதீங்க. அது இழை செஞ்ச வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு, ஸ்விட்சை அணைத்தாள். தும்பிக்கை தொங்கிப்போயிற்று.

எல்லோரும் கலைந்தபிறகு, நவநீதன் பேப்பரில் சுற்றிய செத்த இழைகளைக் கொண்டுபோய் அவள் முன்னால் மேசையில் வைத்தார். பொன்னாடையை மடித்து அதன் பக்கத்தில் வைக்கப் போனார். அவள் அதைத் தொடவில்லை. இழைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே இடத்தில் அறுந்திருந்தன. அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொடாமல் வளைவின் இழுப்பில் விலகிப்போயிருந்தன. தொட்டால்தானே ஒட்டும்?

"வெளிச்சம் எனக்கு எதுக்கு அண்ணா?" என்றாள். "எங்க இருட்டாகுதுன்னு தெரியத்தானே அங்க மாட்டினேன். இதை முதல் வாரமே பார்த்திருந்தா இந்நேரம் சரி பண்ணியிருப்பேனே."

நவநீதன் பொன்னாடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். யமுனா தான் எடுத்த படத்தை பஸ்ஸில் அவர் பார்க்காதபோது அழித்துவிட்டாள் என்பது அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது. முன்பு துக்க வீட்டு ஸ்டூல் கதையைச் சொல்லிச் சிரித்தவள் இப்போது சொல்வதில்லை. அது அவரை இன்னும் உறுத்துகிறது.

மாதுரிக்குப் பட்டம் தள்ளிப்போயிற்று. பங்குனிப் பாதியில் டாக்டர் அஃபீஃபா போன் செய்தார். யானை மறுபடி வருகிறது, ஸ்விட்ச் போட ஆள் வேண்டும் என்றார்.

"நான் வேணாங்க டாக்டர். வேற யாரையாவது வச்சுக்கச் சொல்லுங்க."

"நானும் அதைத்தான் சொன்னேன். மாதுரி கேட்கலை. நீங்கதான் வரணுமாம்."

போனார். மாதுரி தும்பிக்கையை மாட்டிக்கொண்டிருந்தாள். வளைவில் இழைகளை இப்போது நேராக ஓட்டாமல் நெளிநெளியாகத் தைத்திருந்தாள், இழுபட்டாலும் முனைகள் விலகாதபடி. காதில் இரட்டை வரிசை இருந்தது. சுருள் எதுவும் விட்டுவைக்கவில்லை.

"காலையில போடணும், சாயங்காலம் அணைக்கணும். ஏதாவது அணைஞ்சா எனக்கு உடனே போன் பண்ணணும். அவ்வளவுதான்" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை. அவர் அதற்காகக் காத்திருந்தது அவள் போனபிறகுதான் அவருக்கே புரிந்தது.

சில நாள் எல்லாம் எரிந்தது. பிறகு ஒரு காலையில், அறை நிறைய ஆட்கள் இருக்கும்போது, நடு வளைவில் ஒரு வரி அணைந்தது. பேரனைக் கூட்டிவந்திருந்த ஒரு பெரியவர் உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"ஏம்ப்பா, இந்த இடம் இருட்டா இருக்கே. பார்க்க மாட்டியா?"

நவநீதனுக்குப் பழையபடி கன்னம் சுட்டது. இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ஆமாங்கய்யா, இருட்டாத்தான் இருக்கு" என்றார். யாரும் கூப்பிடாமல் அவர் வாயிலிருந்தே அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. பெரியவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார்.

செல்போனை எடுத்து மாதுரியை அழைத்தார்.

"நடு வளைவுல ஒரு வரி போயிடுச்சும்மா. இப்பத்தான். நான் தொடலை."

கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவளாக, "நம்பலாமா?" என்றாள்.

நவநீதனால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. "வந்து பாருங்கம்மா, அப்படியேதான் இருக்கு" என்றார்.

போனை வைத்துவிட்டு, யானைக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும் எரியாத வரியைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து அவள் வந்து சேரும்வரை அவர் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.